குவாஷ்

1996ல் எங்க பெரியப்பா கொடுத்த பிராது ஒன்பது வருஷம் கோர்ட்டில் கிடந்தது. டீக்கடையில் தனி கிளாஸ் வைத்ததைக் கேட்டதற்கு அடித்தார்கள், சாதியைச் சொல்லித் திட்டினார்கள். குற்றப்பத்திரிகை போட்டதும் எதிராளிகள் மெட்ராஸ் ஐகோர்ட்டுக்குப் போய் ஸ்டே வாங்கிட்டாங்க. “குவாஷ் போட்டிருக்காங்க” என்றார் வக்கீல் குமாஸ்தா. “குவாசுன்னா கேஸே நடக்காதுங்கறதாப்பா?” என்று பெரியப்பா என்னைக் கேட்டார். காலேஜில் படித்துக்கொண்டிருந்த எனக்கும் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்ததுதான் இது.

வெள்ளைக்காரன் காலத்து 1898 கிரிமினல் நடைமுறைச் சட்டத்தில் 1923ல் 561-ஏ பிரிவைச் சேர்த்தார்கள். கோர்ட்டு நடவடிக்கையை யாரும் தவறாகப் பயன்படுத்தாமல் தடுக்க ஐகோர்ட்டுக்கு உள்ளார்ந்த அதிகாரம் உண்டு என்றது அது. 1973 சட்டத்தில் அது 482ஆனது. 2024 ஜூலை 1 முதல் 528. நம்பர்தான் மாறுகிறது.

இந்த அதிகாரமே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். சேரிப் பையன்கள் மேல் போட்ட பொய்க் கேஸ்களுக்குக் கணக்கு உண்டா? ஆனால் அந்த வாசல் வரைக்கும் போய்ச்சேர பஸ் காசும் வக்கீல் பீசும் வேணுமே.

சீக்கிரம் விசாரிக்கப்படுவது 21ஆவது பிரிவு தரும் உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டு 1979ல் ஹுசைனாரா காத்தூன் வழக்கில் சொன்னது. பீகார் ஜெயில்களில், தண்டித்திருந்தால்கூட அத்தனை நாள் உள்ளே இருக்க வேண்டியிராத ஏழைகள் விசாரணையே இல்லாமல் அடைபட்டிருந்தார்கள். அவர்களால் வந்த உரிமை அது. அந்த உரிமை மீறப்பட்டால் வழக்கையே ரத்து செய்யலாம், ஆனால் இத்தனை வருஷம் என்று கெடு வைக்க முடியாது என்று 1991ல் ஐந்து நீதிபதிகள் விளக்கியது அந்துலே வழக்கில். எந்தெந்த வழக்கை முளையிலேயே கிள்ளலாம் என்று ஏழு வகை சொன்ன 1990 தீர்ப்பு பஜன்லால் மேல் போட்ட ஊழல் வழக்கில் வந்தது. இரண்டு பேருமே முன்னாள் முதலமைச்சர்கள். வேடிக்கை என்னவென்றால், பஜன்லால் மீதான எஃப்.ஐ.ஆரை ஐகோர்ட்டு ரத்து செய்தது தப்பு என்றுதான் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. ஆனால் ஊரெங்கும் வக்கீல்கள் பிடித்துக்கொண்டது அந்த ஏழு வகையை. ஏழாவது வகை, சொந்தப் பகைக்காகப் பழிவாங்கப் போட்ட வழக்கு.

வன்கொடுமை வழக்கில் இந்த ஏழாவதை எடுத்து வீசுவது ரொம்ப சுலபம். எந்த ஊரில்தான் நமக்கும் அவங்களுக்கும் பழைய தகராறு இல்லாமல் இருக்கு? நிலத்தகராறு வேறு, சாதி வேறு என்று மனு சொல்லும். நிலம் யார் கையில் இருக்கு, ஏன் இருக்கு என்று கேட்டால் அது சாதிதானே?

2018 மார்ச் 20 அன்று மகாராஷ்டிர வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட்டு குவாஷ் செய்ததோடு நிற்கவில்லை. சட்டம் தவறாகப் பயன்படுகிறது என்று சொல்லி, முன் விசாரணை வேண்டும், கைதுக்கு மேலதிகாரி அனுமதி வேண்டும் என்று நாடு முழுவதற்கும் உத்தரவு போட்டது. ஒரு அதிகாரி கேட்டுப் போன கேஸ் அது. ஏப்ரல் 2 பந்த்தில் வடக்கே நம் ஜனங்கள் சுடப்பட்டுச் செத்தார்கள். அதன்பிறகு பார்லிமென்ட் 18-ஏ பிரிவைச் சேர்த்தது. 2019 அக்டோபர் 1ல் கோர்ட்டே அந்த உத்தரவுகளைத் திரும்பப் பெற்றது.

ஸ்டே கதை வேறு. 2018 மார்ச்சிலேயே, விசாரணைக்கு வாங்கும் ஸ்டே ஆறு மாதத்தில் தானாக முடிந்துபோகும் என்று மூன்று நீதிபதிகள் சொன்னார்கள். 2024 பிப்ரவரி 29ல் ஐந்து நீதிபதிகள் அது செல்லாது என்றார்கள்.

ராஜியானால் வன்கொடுமை வழக்கையும் ரத்து செய்யலாமா? மத்தியப் பிரதேசத்து வழக்கு ஒன்றில் 2021 அக்டோபரில், தகராறு அடிப்படையில் சொந்த விவகாரமாக இருந்தால் செய்யலாம் என்றது சுப்ரீம் கோர்ட்டு. வற்புறுத்தலில் வந்த ராஜியா என்று கவனமாகப் பார்க்கணும் என்றும் சொன்னது.

பெரியப்பா கேஸும் 2005ல் ராஜியில்தான் முடிந்தது. எங்க அண்ணன் கூலிக்குப் போனது அவங்க வயலுக்கு. சாட்சி சொல்ல இருந்த ரெண்டு பேரில் ஒருத்தர் செத்துப்போயிருந்தார். பாதிக்கப்பட்டவரையும் கேட்டுத்தான் முடிவெடுக்கணும் என்கிற 15-ஏ பிரிவு 2016 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. பெரியப்பாவிடம் எந்த நீதிபதியும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டைப் அடித்த தாளை எதிர்க்கட்சி வக்கீல் நீட்டினார். “எங்கப்பா போடணும்?” என்று என்னைப் பார்த்தார். நான்தான் இடத்தைக் காட்டினேன்.