பூசை காணுதல்: மும்பைக் கத்தோலிக்கத் தமிழரும் இரு கொள்ளைநோய்க் காலங்களும்

கத்தோலிக்கத் தமிழர் வழக்கில் 'பூசை காணுதல்', 'நன்மை வாங்குதல்' என்னும் இரு தொடர்கள் நெடுங்காலமாக வழங்கி வருகின்றன. முன்னது திருப்பலியில் கலந்துகொள்வதையும் பின்னது நற்கருணை உட்கொள்வதையும் குறிக்கும். ஞாயிறுதோறும் முழுப்பூசை காண வேண்டும் என்பது பழைய ஞானோபதேச நூல்கள் கற்பித்த திருச்சபைக் கட்டளை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 04.12.1963 அன்று வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஆவணம், இறைமக்கள் வழிபாட்டில் பார்வையாளராக ஒதுங்கி நில்லாமல் முழுமையாகப் பங்குபெற வேண்டும் என வற்புறுத்தியது. அதன் விளைவாக அச்சு வழக்கில் 'காணுதல்' மெல்ல விலகிப் 'பங்கேற்றல்' இடம்பெற்றது. பேச்சு வழக்கில் பழைய சொல்லே நின்றது. 2020 மார்ச்சில் மும்பை ஆலயங்கள் அடைபட்டுத் திருப்பலி கைப்பேசித் திரைக்குள் சென்றபோது, அச்சொல் தன் நேர்ப்பொருளில் மீண்டும் உயிர்பெற்றது. பூசையைக் காண முடிந்தது. நன்மை வாங்க முடியவில்லை.

ஆலயம் எட்டாமற்போன காலத்தில் வழிபாடு எங்குச் சென்று தங்கியது என்னும் வினாவை, அந்நகரம் முன்னர்க் கண்ட 1896-ஆம் ஆண்டுப் பிளேக்கோடு ஒப்பிட்டு ஆராய இக்கட்டுரை முற்படுகிறது. தாராவி, மாட்டுங்கா, செம்பூர், கடற்கழிக்கு அப்பாலுள்ள வாஷி ஆகிய பகுதிகளில் வாழும் தமிழரை மனத்திற்கொண்டே இவ்வினா எழுப்பப்படுகிறது.

தெருவுக்கு வந்த சிலுவை

மும்பையில் பிளேக் நோய் பரவியிருப்பதை 1896 செப்டம்பரில் மாண்டவிப் பகுதியில் கண்டறிந்து அறிவித்தவர் அக்காசியோ காப்ரியேல் வியேகாஸ். கோவாவைச் சேர்ந்த கத்தோலிக்க மருத்துவர் அவர். மாண்டவி தானியக் கிடங்குகள் நிறைந்த வட்டாரம். எலிகள் மலிந்த இடம். அவ்வட்டாரத் தானிய மொத்த வணிகம் பின்னாளில் வாஷிக்கு மாற்றப்பட்டது. 2020 மே மாதத்தில் நோய்ப் பரவலால் வாஷிச் சந்தை ஒரு வாரம் மூடப்பட்டதையும், ஏறத்தாழ அதே நாள்களில் சென்னைக் கோயம்பேட்டுச் சந்தைக்கு அந்நிலை நேர்ந்ததையும் நோக்குவார்க்கு, உணவுச் சந்தைக்கும் கொள்ளைநோய்க்கும் உள்ள தொடர்பு புலப்படும்.

அன்றைய மும்பையின் மக்கள்தொகை ஏறத்தாழ எட்டரை இலட்சம். சில மாதங்களில் அவர்களுள் பாதிக்குச் சற்றுக் குறைந்த தொகையினர் நகரைவிட்டு வெளியேறினர். 04.02.1897 அன்று தொற்றுநோய்ச் சட்டம் நிறைவேறியது. வீடுகளுள் புகுந்து சோதித்தல், நோயாளரைப் பிரித்தல், குடும்பங்களை முகாம்களுக்கு அனுப்புதல் ஆகியவை அச்சட்டத்தின் வலிமையால் நடந்தன. மகாராட்டிர அரசு 2020 மார்ச்சில் துணைக்கொண்டதும் இதே 1897-ஆம் ஆண்டுச் சட்டம்தான்.

இச்சூழலில் பாந்திரா, மசகாவ், கிர்காவ் முதலிய பகுதிகளின் கத்தோலிக்கர் தெருமுனைகளிலும் வீட்டு முற்றங்களிலும் சிலுவைகளை நாட்டினர். பிளேக் சிலுவைகள் என இன்றும் அழைக்கப்படும் இவற்றுள் பலவற்றின் பீடங்களில் 1896 முதல் அடுத்த சில ஆண்டுகள் வரையிலான காலக்குறிப்புகள் பொறிக்கப்பட்டுள்ளன. கிர்காவின் கோத்தாசிவாடியில் 1899-இல் எழுந்த சிற்றாலயமும் இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது. நோயைத் தடுக்கவும், தப்பியமைக்கு நன்றி கூறவும், ஆலயம் செல்ல இயலாதோர் கூடிச் செபிக்கவும் இவை பயன்பட்டன. அக்காலத்தில் மும்பைக் கத்தோலிக்கர் இரு ஆட்சிப்பிரிவுகளின்கீழ் இருந்தனர். ஒரு சாரார் மும்பை உயர்மறைமாவட்டத்தையும், மற்றொரு சாரார் போர்த்துக்கீசியப் பதுருவாதோ உரிமைக்குட்பட்ட தாமன் மறைமாவட்டத்தையும் சார்ந்திருந்தனர். இப்பிளவு 1928-இல்தான் நீங்கியது. ஆலயங்கள் அதிகார எல்லையால் பிரிந்து கிடந்த நகரில் தெருச்சிலுவை எல்லை பார்க்கவில்லை என்பது இக்கட்டுரையாளர் கருத்து. அதன்முன் செபமாலை சொல்லக் குருவானவரும் தேவைப்படவில்லை, தெருவாரே போதும். மே மாதத்தில் சிலுவைக்கு மாலை சூட்டி, மன்றாட்டு மாலை பாடி, அவித்த கடலை பகிரும் வழக்கம் இத்தெருக்களில் நிலைத்தது.

இச்சிலுவைகளை நாட்டியோர் பெரும்பாலும் கிழக்கிந்தியர் எனப்படும் மும்பையின் தொல்குடிக் கத்தோலிக்கரும் கோவாவினருமே ஆவர், தமிழர் அல்லர். எனினும் தமிழர் குடியேற்றத்திற்கும் பிளேக்கிற்கும் உறவு உண்டு. நோய்க்குப் பின் 1898-இல் அமைந்த மும்பை நகர மேம்பாட்டு அறக்கட்டளை, நெரிசலைக் குறைக்கும் பொருட்டு வடக்கே வகுத்த திட்டங்களிலிருந்தே தாதர், மாட்டுங்கா, சயான் பகுதிகளின் புதுத்தெருக்கள் உருவாயின. பின்னர்த் தென்னிந்தியர் வந்து நிறைந்த மாட்டுங்கா, ஒருவகையில் பிளேக் ஈன்ற ஊர். தோல் பதனிடும் தொழிலை நாடித் திருநெல்வேலிப் பகுதியினர் வந்தமர்ந்த தாராவியோ இத்தகைய திட்டம் எதற்கும் உட்படாமல் வளர்ந்தது.

தமிழர் தம்முடன் கொணர்ந்த பக்தியிலும் கொள்ளைநோயின் நினைவு பதிந்திருந்தது. ஐரோப்பாவில் பிளேக்கிற்குப் பாதுகாவலராகப் போற்றப்பட்ட ரோக்கு என்னும் புனிதரைத் தமிழ்க் கத்தோலிக்கர் ஆரோக்கியநாதர் என்றனர். வேளாங்கண்ணி அன்னை ஆரோக்கிய மாதா ஆனார். ஆரோக்கியசாமி, ஆரோக்கியமேரி என்னும் பெயர்கள் நம் ஊர்களில் இத்துணை மிகுந்திருப்பதை வெறும் பெயர்ப்பற்று எனக் கொள்வதற்கில்லை. மருத்துவம் எட்டாத காலத்து அச்சத்தின் எச்சங்கள் அவை.

திரைக்குள் சென்ற பூசை

01.04.2020 அன்று தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். அவ்வாண்டின் குருத்து ஞாயிறு ஏப்ரல் 5. உயிர்ப்புப் பெருவிழா ஏப்ரல் 12. புனித வாரச் சடங்குகளைக் குறித்து உரோமை மார்ச் மாதமே ஆணை விடுத்திருந்தது. பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்கு விடப்பட்டது. பாவசங்கீர்த்தனம் செய்ய இயலாதோர்க்கு உத்தம மனஸ்தாபமே வழி என்னும் பழைய போதனை மீண்டும் எடுத்துரைக்கப்பட்டது. முதியோர் சிறுவயதில் மனப்பாடம் செய்த உத்தம மனஸ்தாப மந்திரம், வெறும் பாடமாக இருந்த நிலை மாறி, உடனடித் தேவையாயிற்று. நற்கருணைக்கு மாற்றாக 'ஆன்மிக நற்கருணை' செபம் திரையில் ஓதப்பட்டது. திருத்தந்தை பிரான்சிசு மார்ச் 27 அன்று ஆளற்ற பேதுரு சதுக்கத்தில் மழையினூடே செபித்தபோது, 1522-ஆம் ஆண்டுப் பிளேக் காலத்தில் உரோமைத் தெருக்களில் பவனியாக எடுத்துச் செல்லப்பட்ட பாடுபட்ட சுரூபம் அங்கு நிறுத்தப்பட்டிருந்தது. பழைய கொள்ளைநோயின் சின்னம் புதிய கொள்ளைநோய்க்குத் திரைவழியே வந்தது.

1896-இல் வழிபாடு ஆலயத்தைவிட்டுத் தெருவுக்கு வந்தது. 2020-இல் தெருவும் அடைபட்டது. வீடு ஒன்றே எஞ்சியது. அவ்வீடு தாராவியில் ஒற்றை அறை. இரண்டரைச் சதுரக் கிலோமீட்டருக்கும் குறைந்த பரப்பில் பல இலட்சம் பேர் நெருங்கி வாழும் இடம். ஒரே கைப்பேசியில் பிள்ளையின் பாடமும் தாயின் பூசையும் முறைவைத்து நடக்க வேண்டியிருந்தது. வாஷியின் நிலை வேறு. 1970-க்குப் பின் திட்டமிட்டு எழுப்பப்பட்ட அதன் செக்டர்களில் கொள்ளைநோயின் நினைவைச் சுமக்கும் கற்சிலுவைக்கு இடமில்லை. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழ்ந்து அங்குப் பெயர்ந்த குடும்பங்களுக்கு ஞாயிற்றுக்கிழமையே ஊர். ஆலய வளாகமே தெரு. அது மூடியபோது பூசை மட்டுமன்றி மொழியும் ஒடுங்கியது. ஆங்கிலம், கொங்கணி, மராத்தி எனப் பல மொழி வழிபாடுகளுக்கிடையே ஒரு மணிநேரம் வாய்க்கும் தமிழ்த் திருப்பலி, இம்மக்கள் பொதுவிடத்தில் கூடித் தமிழில் பாடும் அரிய வாய்ப்பு என்பதை மறத்தல் ஆகாது.

இங்கு எதிர்பாராத மாற்றம் ஒன்று நிகழ்ந்தது. திரைக்குப் பங்கு எல்லை கிடையாது. திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 518-ஆம் விதி, பங்கு பொதுவாக நிலப்பரப்பை அடிப்படையாகக் கொண்டது என்றும், தேவையான இடத்தில் மொழி, வழிபாட்டுமுறை முதலியவற்றின் அடிப்படையிலும் அமையலாம் என்றும் கூறுகிறது. வாஷியிலிருந்து ஒருவர் வேளாங்கண்ணிப் பூசையையோ தம் சொந்த ஊர்ப் பூசையையோ காணத் தடையில்லை. 2020-இல் வேளாங்கண்ணிப் பெருவிழா திருப்பயணிகளின்றி நடந்தது. பாந்திரா மலைமாதா விழாவையொட்டிய சந்தை அவ்வாண்டு கூடவில்லை. மாகிம் புனித மிக்கேல் ஆலயத்தில் 1948 முதல் புதன்தோறும் திரளும் நவநாள் கூட்டமும் கலைந்திருந்தது. நடந்து சென்று மெழுகுதிரி ஏற்றிய மூன்று இடங்களும் ஒரே திரையின் மூன்று காட்சிகளாயின. இதனை இழப்பு என்று மட்டும் கூறுவது முறையன்று. பல்லாண்டுகளாகத் தமிழ்ப் பூசைக்கு ஏங்கியிருந்த முதியோர்க்கு அது நாள்தோறும் கிடைத்தது. ஆனால் திரைவழிக் காட்சியில் அருகில் நிற்பவர் இல்லை. காணிக்கைத் தட்டும், பூசை முடிந்தபின் வாயிலில் நடக்கும் நலம் உசாவலும் இல்லை. பங்கு என்னும் சொல்லுக்குக் கூறு என்றும் பொருள் உண்டு. கூறு போட எதுவும் இல்லாத இடத்தில் பங்கு எங்ஙனம் நிலைக்கும்?

மகாராட்டிரத்தில் வழிபாட்டிடங்கள் 16.11.2020 அன்று திறந்து, 2021 ஏப்ரலில் மறுபடி அடைபட்டு, 07.10.2021 அன்று மீண்டும் திறந்தன.

அடக்கம்

வழிபாட்டைத் திரைக்கு மாற்றலாம். அடக்கத்தை மாற்ற இயலாது. 30.03.2020 அன்று மும்பை மாநகராட்சி, இந்நோயால் இறந்தோர் எச்சமயத்தவராயினும் எரியூட்டப்பட வேண்டும் என ஆணையிட்டு, எதிர்ப்பு எழவே அன்றே அதனைத் திருத்தியது. பாந்திராவில் ஓர் அடக்கத்தலத்திற்கு எதிராகத் தொடுக்கப்பட்ட வழக்கை மும்பை உயர்நீதிமன்றம் 22.05.2020 அன்று தள்ளுபடி செய்து, கண்ணியமான அடக்கம் வாழ்வுரிமையின் பகுதி என்றது. இடையில் ஏப்ரல் 19 அன்று சென்னையில் மருத்துவர் சைமன் எர்க்குலிசின் உடலைக் கீழ்ப்பாக்கம் கல்லறையில் அடக்கவிடாமல் கூட்டம் தடுத்த செய்தி மும்பைத் தமிழர் இல்லங்களையும் உலுக்கியது.

எரியூட்டலைத் திருச்சபை 1963 முதல் அனுமதிக்கிறது. சாம்பலை வீட்டில் வைக்காமலும் தூவாமலும் புனித இடத்தில் சேமிக்க வேண்டும் என 2016-இல் வரையறுத்தது. இடநெருக்கடி மிகுந்த மும்பைக் கல்லறைகளில் ஒரே குழி சில ஆண்டுகளில் மறுபடியும் தோண்டப்படுவதும், நெகிழிப்பையில் பொதிந்த உடல் எளிதில் மண்ணாகாமையும் கூடி, பல குடும்பங்களை மரபுக்கு மாறான முடிவுக்குத் தள்ளின. திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் பிறந்த இயேசு சபைக் குரு ஸ்டான் சுவாமி, வாஷிக்கு அண்மையிலுள்ள தலோஜா சிறையிலிருந்து பாந்திரா மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டு, அங்குத் தொற்று உறுதிப்பட்ட நிலையில் 05.07.2021 அன்று இறந்தார். மறுநாள் பாந்திராப் புனித பேதுரு ஆலயத்தில் நடந்த அடக்கத் திருப்பலியில் சிலரே உடனிருந்தனர். ஏனையோர் திரையில் கண்டனர். உடல் எரியூட்டப்பட்டு, சாம்பல் அவர் பணியாற்றிய சார்க்கண்டிற்குச் சென்றது.

அடக்கம் முடிந்ததும் இறந்தோர் பதிவேட்டில் குறிப்பெழுத வேண்டும் என்பது திருச்சபைச் சட்டத்தின் 1182-ஆம் விதி. 1896-க்குக் கல்லில் பொறித்த ஆண்டுகள் சான்று. 2020-இல் ஒளிபரப்பான பூசைகள் பல இணையத்திலிருந்து நீக்கப்பட்டுவிடும். மும்பைப் பங்குகளின் தமிழ்த் திருப்பலிப் பதிவுகளை இப்போதே திரட்டாவிடின் பின்னர்த் திரட்ட இயலாது. அவை மறைந்தபின் ஆய்வாளர்க்கு எஞ்சப்போவன இப்பதிவேடுகளே. 2020, 2021 ஆகிய ஈராண்டுப் பக்கங்களில் அடக்கம் செய்த குருவின் பெயருக்கும் இடத்தின் பெயருக்கும் நேரே என்ன எழுதப்பட்டிருக்கிறது, எது எழுதப்படாமல் விடப்பட்டிருக்கிறது என்பதிலிருந்தே இவ்வரலாற்றின் அடுத்த இயலைத் தொடங்க வேண்டியிருக்கும்.