சமாதி அல்ல, களம்

இரட்டைமலை சீனிவாசனின் கல்லறை எங்கே இருக்கிறது? நாங்கள் நடத்தும் பயிலரங்குகளில் இந்தக் கேள்வியைக் கேட்பது வழக்கம். சென்னைக் கல்லூரிகளில் படிக்கும் தோழர்களில் பலரும் கிண்டி என்று சொல்வார்கள். கிண்டியில் இருப்பது அரசு கட்டிய மண்டபம். அவர் உடல் கிடப்பது ஓட்டேரி இடுகாட்டில். ஜூலை 7 அன்று அமைச்சர்கள் மாலை போடும் படங்கள் கிண்டியிலிருந்துதான் நாளிதழ்களுக்கு வருகின்றன. அதனால் ஓட்டேரி நம் பிள்ளைகளின் நினைவில் இல்லை.

ஒருவர் பிறந்த ஆண்டும் எழுதிய நூலும் பாடப்புத்தகத்தில் இருக்கும். எங்கே புதைக்கப்பட்டார், அந்த இடம் எப்படிக் கிடைத்தது, இன்று அதை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்ற விவரம் இருக்காது. இது சின்ன விஷயம் அல்ல. ஊருக்கு ஒரு சுடுகாடு, சேரிக்கு ஒரு சுடுகாடு என்று பிரித்து வைத்த நாட்டில் சாவுக்குப் பிறகும் சாதி தொடர்கிறது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், விபத்தில் இறந்த ஒரு தலித்தின் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். ஏறக்குறைய 20 அடி உயரம். சுடுகாட்டுக்குப் போகும் வழி சாதி இந்துக்களின் நிலத்தின் ஊடாகப் போனதுதான் காரணம். காணொளி பரவிய பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. பாதை இல்லாத சுடுகாடுகள் இன்னும் எத்தனை ஊர்களில் இருக்கின்றன என்று களப்பணி செய்யும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தலைவர்களின் கல்லறைகளையும் இந்தப் பாதைப் பிரச்சினையோடு சேர்த்துத்தான் நாம் படிக்க வேண்டும்.

முதலில் புனே நகருக்குப் போவோம். ஜோதிராவ் புலே தலித் அல்ல, மாலி என்ற சூத்திர சாதியில் பிறந்தவர். ஆனால் தீண்டப்படாதோருக்குப் பள்ளி நடத்தியவர், தன் வீட்டுக் கிணற்றை 1868இல் அவர்களுக்குத் திறந்துவிட்டவர். 1887இல் எழுதிய உயிலில் தன் உடலை எரிக்கக் கூடாது, உப்பு இட்டுப் புதைக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். அதற்காக வீட்டுக்குப் பின்னால் குழியும் தோண்டி வைக்கப்பட்டிருந்தது. எரிப்பதானால் சடங்கு வரும், சடங்கு வந்தால் புரோகிதர் வருவார். 1873இல் அவர் தொடங்கிய சத்தியசோதக் சமாஜம் பார்ப்பனப் புரோகிதர் இல்லாமலே திருமணங்களை நடத்தியது. கல்யாணத்தில் வேண்டாம் என்றவர் சாவிலும் வேண்டாம் என்று நினைத்திருப்பார் என்பது எங்கள் வாசிப்பு.

1890 நவம்பர் 28 அன்று அவர் இறந்தார். குடியிருப்புப் பகுதியில் புதைக்க முடியாது என்று நகராட்சி அனுமதி மறுத்துவிட்டது. அவர் 1876 முதல் 1882 வரை உறுப்பினராக இருந்த அதே புனே நகராட்சி! கடைசியில் எரிக்க வேண்டியதாயிற்று. அப்போது இன்னொரு தகராறு எழுந்தது. இறுதி ஊர்வலத்தில் கொள்ளிச்சட்டி ஏந்துபவருக்குத்தான் வாரிசுரிமை என்பது வழக்கம். வளர்ப்பு மகன் யஷ்வந்த் ஒரு பார்ப்பன விதவைக்குப் பிறந்த குழந்தை. அவன் ஏந்தக் கூடாது என்று உறவினர்கள் தடுத்தார்கள். சாவித்திரிபாய் முன்னே வந்து சட்டியைத் தன் கையில் வாங்கிக்கொண்டு ஊர்வலத்தின் முன்னால் நடந்தார். சிதைக்குத் தீ வைத்ததும் அவர்தான். பெண்கள் சுடுகாட்டுக்கே வரக் கூடாது என்று இன்றும் சொல்கிற ஊர்கள் இருக்கின்றன. 1890இல் நடந்தது இது. பிறகு சாம்பலைக் கொண்டுவந்து, அவர் கேட்ட இடத்திலேயே, வீட்டுக்குப் பின்னால் வைத்தார்கள். புனேவில் புலே வாடா என்ற அந்த வீட்டுக்குப் போகிறவர்கள் பார்ப்பது அந்தச் சமாதியைத்தான். ஏழு ஆண்டுகள் கழித்து பிளேக் நோயாளிகளைத் தூக்கிச் சுமந்து, அதே நோய் தொற்றி, சாவித்திரிபாயும் இறந்தார்.

அடுத்து தாதர். 1956 டிசம்பர் 6 அன்று டெல்லி அலிப்பூர் சாலை 26ஆம் எண் வீட்டில் அண்ணல் அம்பேத்கர் உறக்கத்திலேயே மறைந்தார். உடல் விமானத்தில் பம்பாய்க்கு வந்தது. அவர் நூலகத்துக்காகவே கட்டிய ராஜகிருகம் வீட்டில் வைக்கப்பட்டது. மறுநாள் லட்சக்கணக்கானோர் நடந்த ஊர்வலம் தாதர் கடற்கரைக்குப் போனது. பௌத்த முறைப்படி எரியூட்டினார்கள்.

அங்கே நடந்த ஒன்றைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். நாக்பூரில் அக்டோபர் 14 அன்று பௌத்தம் தழுவிய அம்பேத்கர், டிசம்பர் நடுவில் பம்பாயிலும் தீட்சை நிகழ்ச்சி நடத்தத் திட்டமிட்டிருந்தார். அதற்குள் இறந்துவிட்டார். அந்தத் தீட்சை நிற்கவில்லை. எரியூட்டும் இடத்திலேயே, அவர் உடலுக்கு முன்னால், பிக்கு ஆனந்த கௌசல்யாயன் வழிநடத்த ஒரு லட்சம் பேர் அளவில் பௌத்தம் ஏற்றார்கள். ஒரு தலைவரின் ஈமச்சடங்கு அப்படியே மாநாடாக மாறியது. துக்கத்துக்கு வந்தவர்கள் வேறு மதத்தவராக வீடு திரும்பினார்கள்.

அந்த இடத்தில் ஸ்தூபம் எழ 15 ஆண்டுகள் ஆயின. மகன் யஷ்வந்த் அம்பேத்கர் ஊர் ஊராகப் போய் மக்களிடம் நிதி திரட்டினார். 1971 டிசம்பர் 5 அன்று மீராதாய் அம்பேத்கர் சைத்யபூமியைத் திறந்து வைத்தார். அரசமைப்புச் சட்ட வரைவுக் குழுவின் தலைவர், நாட்டின் முதல் சட்ட அமைச்சர். அவருக்கு நினைவிடம் எழுந்தது மக்கள் கொடுத்த காசில். டெல்லியில் அவர் இறந்த வீடு இருந்த இடத்தில் தேசிய நினைவகம் திறக்கப்பட்டது 2018 ஏப்ரலில். இடையில் 62 ஆண்டுகள்! சைத்யபூமிக்குப் பக்கத்திலுள்ள இந்து மில் நிலம் கதையும் அப்படித்தான். 2011 டிசம்பர் 6 அன்று தொண்டர்கள் உள்ளே புகுந்து உட்கார்ந்த பிறகே அது நினைவகத்துக்கு என்று அசைந்தது.

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் முதல் வாரத்தில் சிவாஜி பூங்கா முழுக்க மக்கள். ரயிலில் இடம் இல்லாமல் நின்றுகொண்டே வருகிறார்கள், திறந்த வெளியில் படுக்கிறார்கள். தாதர்வாசிகளில் சிலர் குப்பை, நெரிசல் என்று முகம் சுளிப்பதும் ஆண்டுதோறும் நடக்கிறது. அதே ஊரில் பத்து நாள் கணபதி விழாவுக்கு இந்த முகச்சுளிப்பைக் காணோம். எங்களை நெகிழ வைப்பது புத்தகக் கடைகள். வரிசை வரிசையாகப் போட்டிருப்பார்கள். கூலி வேலை செய்யும் பெண்கள் முந்தானையில் முடிந்து வைத்த பணத்தை எடுத்துப் புத்தகம் வாங்குவதைப் பார்க்கலாம். கல்லறைக்கு வந்து புத்தகம் வாங்கிப் போகும் வழக்கத்தை இந்த மக்கள் தாங்களாகவே உண்டாக்கினார்கள்.

இனி ஓட்டேரி. சீனிவாசன் 1859இல் செங்கல்பட்டுப் பகுதியில் கோழியாளம் என்ற ஊரில் பிறந்தார். கோயம்புத்தூரில் படித்தபோது சாதி தெரிந்துவிடும் என்று பயந்து, மற்ற மாணவர்களோடு விளையாடாமல் ஒதுங்கியே இருந்ததாகத் தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அந்தப் பையன்தான் 1893இல் ஒரு பத்திரிகை தொடங்கி அதற்குப் 'பறையன்' என்று பெயர் வைத்தார். மறைத்த பெயரையே தலைப்பாக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று யோசியுங்கள். விடுதியில் சாதியைச் சொல்லத் தயங்கும் முதலாண்டு மாணவர்கள் இன்றும் எங்களிடம் பேச வருகிறார்கள். அவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

பிறகு அவர் தென்னாப்பிரிக்கா போய் நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். திரும்பி வந்து சென்னை சட்ட மேலவை உறுப்பினரானார். பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொதுக் கட்டடம் ஆகியவற்றில் எல்லாருக்கும் உரிமை உண்டு என்ற தீர்மானத்தை 1924இல் கொண்டுவந்தார். லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு அமர்ந்தார். 1945 செப்டம்பர் 18 அன்று இறந்தார். ஓட்டேரியில் அவர் நினைவிடத்துக்கு நம் மக்கள் இட்ட பெயர் 'உரிமைக்களம்'.

கிண்டி மண்டபம் காந்தி மண்டப வளாகத்துக்குள் இருக்கிறது. தனித்தொகுதி வாக்குரிமை கேட்டு லண்டன் வரை போனவர், அதை உண்ணாவிரதம் இருந்து முறித்தவரின் வளாகத்தில்! அயோத்திதாசப் பண்டிதருக்கும் அங்கேதான் மணிமண்டபம். 1914இல் இறந்த பண்டிதருக்கு அது 2023இல் திறக்கப்பட்டது. மண்டபம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை, வரட்டும். ஆனால் மண்டபத்தை அரசு திறக்கும், பூட்டும், வெள்ளையடிக்கும். ஓட்டேரிக்கு நாம் போனால்தான் உண்டு.

'களம்' என்ற சொல் எங்களை விடவில்லை. சமாதி என்றால் அடங்கிப் போன இடம். களம் என்றால் நெல் அடிக்கிற இடம், போர் நடக்கிற இடம். மதுரை மாவட்டம் மேலவளவிலும் அதே சொல்தான். அங்கே 1996இல் ஊராட்சித் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. போட்டியிட்டு வென்றவர் முருகேசன். 1997 ஜூன் 30 அன்று, மாவட்ட ஆட்சியர் அலுவலகம் போய்விட்டுத் திரும்பிய பேருந்தை மறித்து அவரையும் சேர்த்து ஏழு பேரை வெட்டிக் கொன்றார்கள். முருகேசனின் தலையைத் துண்டித்து எடுத்துப் போனார்கள். அவர்கள் அடக்கம் செய்யப்பட்ட இடம் 'விடுதலைக்களம்'. ஆண்டுதோறும் ஜூன் 30 அன்று அங்கே கூட்டம் கூடுகிறது. ஆயுள் தண்டனை பெற்றவர்களில் 13 பேரை 2019 நவம்பரில் தமிழக அரசு முன்கூட்டியே விடுதலை செய்தது. அடுத்த ஜூனில் அந்தக் கல்லறைகளுக்கு முன்னால் போய் நின்ற குடும்பங்களின் மனநிலையை எழுத எங்களுக்குச் சொல் கிடைக்கவில்லை.

பரமக்குடியைச் சொல்லாமல் இந்தக் கட்டுரை முடியாது. இம்மானுவேல் சேகரன் 1924 அக்டோபர் 9 அன்று முதுகுளத்தூர் அருகே செல்லூரில் பிறந்தார். வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறை சென்றார், ராணுவத்தில் ஹவில்தாராக இருந்தார், ஊர் திரும்பி இரட்டைக் குவளைக்கு எதிராக மக்களைத் திரட்டினார். 1957 செப்டம்பர் 10 அன்று முதுகுளத்தூரில் ஆட்சியர் கூட்டிய அமைதிக் கூட்டத்தில் தன் மக்களின் பிரதிநிதியாக, மற்றவர்களுக்குச் சமமாக உட்கார்ந்து பேசினார். மறுநாள் இரவு பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். அவருக்கு 32 வயது. அந்த வழக்கில் கைதான முத்துராமலிங்கத் தேவரை 1959இல் நீதிமன்றம் விடுவித்தது.

பரமக்குடியில் அவர் நினைவிடத்துக்கு ஒவ்வொரு செப்டம்பர் 11 அன்றும் தென் மாவட்டங்களிலிருந்து வண்டி வண்டியாக வருகிறார்கள். 2011இல் வந்தவர்களில் ஆறு பேர் காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். அஞ்சலி செலுத்தப் போனவர்களுக்கே கல்லறை தோண்ட வேண்டியதாயிற்று. 2023இல் அரசு மூன்று கோடி ரூபாயில் மணிமண்டபம் அறிவித்தது. ஆனாலும் செப்டம்பர் நெருங்கினால் மாவட்டத்தில் தடை உத்தரவு வருவது மாறவில்லை. எந்த வண்டியில் வரலாம், எந்த வழியில் வரலாம், என்ன முழக்கம் போடக் கூடாது என்ற பட்டியலோடு.

எங்களுக்குள்ளேயே ஒரு விவாதம் உண்டு. சில தோழர்கள் அந்த நாளைக் 'குருபூஜை' என்கிறார்கள். பால்குடமும் முளைப்பாரியும் வருகின்றன. சாதிப் பெருமையின் மொழியை நாமும் எடுத்துக்கொள்ளலாமா, தலைவரைச் சாமியாக்கினால் இரட்டைக் குவளையை எதிர்த்த மனிதர் எங்கே போவார் என்று நாங்கள் கேட்கிறோம். 'நினைவேந்தல்' என்றே எழுதுகிறோம். முளைப்பாரி தூக்கி வரும் ஒரு பாட்டியிடம் இதைச் சொல்லிப் பார்த்தோம். எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஊர்க் கோயில்ல எங்களத் தூக்க விட்டானா தம்பி? இங்கதான் தூக்குறோம்" என்றார். பதில் சொல்ல எங்களிடம் எதுவும் இல்லை. அவர் பின்னால் வரிசையில் நின்றோம்.