அலுவிகாரை ஏடுகளும் கணனி நூல்நிலையமும்

மாத்தளை நகருக்கு வடக்கே, தம்புள்ளைக்குச் செல்லும் பெருவீதியை அடுத்துள்ள அலுவிகாரைக் குகைகளை இம்மாவட்டத்தில் அறியாதார் இலர். வலகம்பா மன்னன் காலத்தில், கி. மு. முதலாம் நூற்றாண்டில், அதுவரை வாய்மொழியாக ஓதப்பட்டு வந்த திரிபிடகமும் அதன் உரைகளும் ஏட்டில் எழுதப்பட்டன. மகாவம்சம் இச்செயலைக் கூறுகின்றதேயன்றி இடத்தைக் கூறவில்லை. அலுவிகாரையே அவ்விடமென்பது பிற்காலத்து வந்த மரபு. உரைகள் சிங்களத்தில் இருந்தன. கி. பி. 5ஆம் நூற்றாண்டில் புத்தகோசர் அவ்வுரைகளை ஆதாரமாகக் கொண்டு பாளியில் உரை வகுத்தார். பின்னர் அச்சிங்கள உரைகள் மறைந்தொழிந்தன. பண்டை உரைகாரர் கருத்து இதுவென்று அவர் சுட்டுமிடங்களை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க இன்று நமக்கு வழியில்லை.

ஒரு நூல் மற்றொன்றைச் சார்ந்து நிற்பதனால் வரும் இவ்விடர் ஏட்டுச் சுவடிக்கு மட்டும் உரியதன்று. கணனி நிரல்களின் வரலாற்றிலும் இதுவே பெரிய சிக்கலாக வளர்ந்திருக்கின்றது.

1949ஆம் ஆண்டு மே மாதம் 6ஆந் தேதி கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக்கழகத்தில் எட்சாக் என்னுங் கணனி முதன்முதலாக இயங்கியது. வர்க்கமூலங் காணல், விடையை அச்சிடல் போன்றவற்றை ஒவ்வொருவரும் புதிதாக எழுதுதல் வீண் உழைப்பென்று கண்ட அறிஞர், அவற்றுக்குரிய நிரல்களைத் துளையிட்ட காகித நாடாக்களிற் பதித்துச் சேமித்து வைத்தனர். இச்சேமிப்புக்கு அவர்கள் இட்ட பெயரே நூல்நிலையம் என்பது. வில்க்ஸ், வீலர், கில் என்னும் மூவர் 1951இல் வெளியிட்ட நூல் அதனை விரித்துரைக்கின்றது. வேண்டுவோர் அந்நாடாவைப் படியெடுத்துத் தம் நாடாவோடு சேர்த்துக்கொண்டனர். படியெடுத்தவனிடம் படி அப்படியே இருந்தது. மூலம் பின்னர் திருத்தப்பட்டாலும் அவன் கணக்குப் பிழைபடாது. இதனை வாசகர் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

இக்காலத்து நிலை வேறு. பைதன் மொழிக்குரிய பொதுக் களஞ்சியம் 2003இல் தோன்றியது. அதிலிருந்து எடுத்து நிறுவும் பிப் என்னுங் கருவி 2008இல் வந்தது. ஒரு வரிக் கட்டளையினால் வேண்டிய நூலகம் இணையவழி வந்து சேரும். அது சார்ந்திருக்கும் பிற நூலகங்களும் அவை சார்ந்தவையும் உடன் வரும். பெயரை மட்டுங் கூறிப் பதிப்பைக் கூறாவிடின் அன்றைய புதுப் பதிப்பே பெரும்பாலும் வரும். நேற்று நிறுவியவனும் இன்று நிறுவுபவனும் ஒரே பொருளைப் பெற்றனர் என்று சொல்லுதற்கில்லை. மேலும், ஒரு நூலகம் மூன்றாவது ஒன்றின் முதற் பதிப்பையும், வேறொன்று அதன் இரண்டாம் பதிப்பையும் வேண்டுமாயின், பைதனில் ஒரே சூழலுள் இரண்டையும் வைத்தல் இயலாது.

இதன் விளைவை உலகம் 2016 மார்ச்சில் தெளிவாகக் கண்டது. சொல்லின் இடப்புறத்தே வெற்றிடம் நிரப்பும் 11 வரி நிரலொன்றை அதன் ஆசிரியர் என்பிஎம் களஞ்சியத்திலிருந்து நீக்கிவிட்டார். அதனை நேரே அறியாத எத்தனையோ பெருநிரல்கள் அன்று நிறுவ இயலாது நின்றன. களஞ்சியத்தார் அதனை மீட்டு வைத்த பின்னரே நிலைமை சீரடைந்தது.

நம் நாட்டிலும் இதற்கோர் எடுத்துக்காட்டு உண்டு. 2004 திசெம்பர் 26இல் ஆழிப்பேரலை இந்நாட்டில் 30,000க்கு மேற்பட்டோரைக் காவுகொண்டது. அந்நாட்களில் காணாமற் போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருள்களையும் பதிவுசெய்ய இலங்கைத் தொண்டர்கள் எழுதிய மென்பொருளே சகானா. சிங்களத்தில் நிவாரணம் என்பது பொருள். கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகநலன் விருது 2006ஆம் ஆண்டுக்கு இதற்கு வழங்கப்பட்டது. முதலிற் பிஎச்பி மொழியில் எழுதப்பட்ட இது, பின்னர்ச் சகானா ஈடன் என்னும் பெயரிற் பைதனில் புதிதாக எழுதப்பட்டு, 2010இல் எயிற்றி நிலநடுக்கத்தின்போது பயன்பட்டது. அது வெப்டுபை என்னுஞ் சட்டகத்தின்மேல் நிற்பது. அச்சட்டகம் பைதன் 2இன்மேல் நின்றது.

பைதன் 3 வெளிவந்தது 2008 திசெம்பரில். பழையதனோடு அது முற்றும் ஒத்துப்போவதன்று. ஓர் உதாரணம் போதும்: 7ஐ 2ஆல் வகுக்கச் சொன்னால் பைதன் 2 தருவது 3, பைதன் 3 தருவது 3.5. நிரல் நின்றுவிட்டால் பிழையென்று யாவர்க்குந் தெரியும். நில்லாமல் வேறு விடை தருவதே அஞ்சத்தக்கது. அரிசி மூடைகளை முகாம்களுக்குப் பங்கிடும் கணக்கில் அஃது எத்துணைத் தீங்கென்று கூற வேண்டுவதில்லை. பைதன் 2க்கான ஆதரவு 2020 சனவரி 1ஆந் தேதியோடு முடிவுற்றது.

பதிப்பெண்களைத் துல்லியமாக எழுதிப் பூட்டிவைத்தலே மருந்தென்பர் சிலர். ஒவ்வொரு பணிக்கும் தனிச் சூழல் அமைத்து, அதிலுள்ளவற்றின் பட்டியலைப் பதிப்பெண்ணோடு ஏட்டிற் குறித்தல் நன்றே. எட்சாக் நாடாவைப் படியெடுத்தவனின் உறுதி அதனால் ஒருவாறு திரும்பக் கிடைக்கின்றது. ஆயினும் பூட்டிய கதவைத் திறவாதிருத்தலும் ஆகாது. லொக்போர்ஜே என்னும் யாவா நூலகத்தில் 2021 திசெம்பரில் வெளிப்பட்ட பெருங்குறை, பழம் பதிப்பைப் பூட்டியிருந்தோரையே தொடர்ந்து வருத்தியது. பூட்டுதலும், குறித்த காலத்திற் சோதனையோடு புதுப்பித்தலும் இரண்டும் வேண்டும் என்பதே எம் கருத்து. புதுப்பித்தலை மட்டுந் தனியே செய்தாலும் ஏமாற்றம் நேரும்: விரிதாள்களைப் படிக்கும் எக்ஸ்எல்ஆர்டி நூலகத்தின் 2.0 பதிப்பு 2020 திசெம்பரில் வந்தபோது, பழைய வடிவமல்லாத விரிதாள்களைப் படித்தலை அது கைவிட்டது. பலருடைய நிரல்கள் ஒரே நாளில் முடங்கின. முதலெண் 1இலிருந்து 2 ஆனமையே அதற்குரிய எச்சரிக்கை; அதனைக் கவனித்தவர் சிலரே.

சகானா ஈடனோ இரு பதிப்பிலும் இயங்குமாறு முதலில் இடைநிலை ஒன்று அமைக்கப்பெற்றுப் பைதன் 3இற்கு வந்துசேர்ந்தது. வகுத்தற் குறி வருமிடங்களையெல்லாம் மீண்டும் படித்துப் பார்த்தல் அத்தகைய பணியின் ஒரு கூறு.