சின்ன சரக்கு வண்டிக்கு டீசல் இன்ஜின் இன்னும் லாபமா? கணக்கு போட்டுப் பார்க்கலாம்

ஊரிலிருந்து சித்தப்பாவோ மாமாவோ போன் செய்து, "ஒரு பிக்கப் எடுக்கலாம்னு இருக்கேன்ப்பா. டீசலா, பெட்ரோலா? கொஞ்சம் பார்த்துச் சொல்லு" என்று உங்களிடம் கேட்டிருக்கலாம். "லோனுக்கு நீதான் ஜாமீன் போடணும்" என்பது பெரும்பாலும் அடுத்த வரியாக இருக்கும். தப்பான இன்ஜினை எடுத்தால் மாதத் தவணை கட்டத் திணறப் போவது அவர் மட்டுமில்லை, நீங்களும்தான்.

பத்து, பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் என்றால் யோசிக்காமல் "டீசல்" என்று சொல்லியிருக்கலாம். இப்போது அப்படிச் சொல்ல முடியாது. ஏன்?

டீசல் எப்படி வழக்கமாச்சு?

முதல் காரணம் விலை. பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை மத்திய அரசு 2010 ஜூனில் விலக்கியது. டீசலுக்கு அதைச் செய்தது 2014 அக்டோபரில்தான். இடைப்பட்ட காலத்தில் மானிய டீசலுக்கும் சந்தை விலை பெட்ரோலுக்கும் பெரிய இடைவெளி விழுந்தது. 2012 மே மாதக் கடைசியில் டெல்லியில் பெட்ரோல் 73 ரூபாய், டீசல் 41 ரூபாய்.

அந்தக் காலத்து வண்டிகளும் அப்படித்தான் வந்தன. 2005-ல் அறிமுகமான டாடா ஏஸில் இருந்தது 702 சிசி, இரண்டு சிலிண்டர் டீசல் இன்ஜின். 2011-ல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த், மஹிந்திராவின் பொலேரோ பிக்கப் எல்லாமே டீசல்.

அந்த இடைவெளி இப்போது இல்லை. 2025-ல் டெல்லியில் பெட்ரோல் சுமார் 95 ரூபாய், டீசல் சுமார் 88 ரூபாய். வித்தியாசம் 7 ரூபாய்தான்.

அப்போ டீசலுக்கு சாதகமே இல்லையா?

இருக்கு. டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை மிக அதிகமாக அழுத்தி, அந்தச் சூட்டிலேயே எரிபொருளைப் பற்ற வைக்கிறது. அழுத்தம் கூடும்போது எரிபொருளிலிருந்து கிடைக்கும் வேலையும் கூடும். ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிட ஏறக்குறைய 10 சதவீதம் அதிக ஆற்றலும் இருக்கிறது. மைலேஜ் கூடுவது இந்த இரண்டாலும்தான்.

அடுத்தது இழுவிசை. டர்போ உள்ள டீசல் இன்ஜின் குறைந்த வேகச் சுழற்சியிலேயே நல்ல இழுவிசை தரும். ஒன்றரை டன் சரக்கோடு மலைப்பாதை ஏறும் டிரைவருக்கு அதன் அருமை தெரியும்.

ஆனால் எல்லா டீசலுக்கும் இந்தப் பெருமை பொருந்தாது. டர்போ இல்லாத சின்ன இன்ஜின்களில் கதை வேறு. டாடா ஏஸ் கோல்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 702 சிசி டீசலைவிட 694 சிசி பெட்ரோல் இன்ஜினுக்குத்தான் குதிரைத்திறன் அதிகம்.

2020-ல் என்ன மாறியது?

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 விதி அமலானது. எரிபொருளில் கந்தகம் 50 பிபிஎம்மிலிருந்து 10 ஆகக் குறைந்தது. சிறிய ரக டீசல் வாகனங்கள் வெளியிடும் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராமிலிருந்து 80 ஆனது. இதை எட்ட டீசல் வண்டிகளில் கூடுதல் சுத்திகரிப்புக் கருவிகள் தேவைப்பட்டன. செலவும் ஏறியது.

மாருதி சுசுகி அப்போது டீசலையே கைவிட்டது. 2016-ல் 793 சிசி டீசலோடு வந்த சூப்பர் கேரி இன்று பெட்ரோலிலும் சிஎன்ஜியிலும்தான் கிடைக்கிறது. 2025-ல் வந்த டாடா ஏஸ் புரோவிலும் டீசல் இல்லை. பெட்ரோல், பெட்ரோலும் சிஎன்ஜியும் சேர்ந்தது, மின்சாரம் என மூன்று வகைதான். அதே சமயம் ஏஸ் கோல்டில் டீசல் தொடர்கிறது. வாங்க ஆள் இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

சரி, எத்தனை கிலோமீட்டர் ஓடினால் லாபம்?

ஓர் உதாரணக் கணக்கு. டீசல் வண்டி லிட்டருக்கு 20 கிலோமீட்டர், பெட்ரோல் வண்டி 15 கிலோமீட்டர் தருவதாக வைத்துக்கொள்வோம். டீசல் வண்டியின் விலை 1 லட்சம் ரூபாய் அதிகம். மேலே சொன்ன டெல்லி விலைப்படி:

- டீசல்: கிலோமீட்டருக்கு 4.40 ரூபாய்
- பெட்ரோல்: கிலோமீட்டருக்கு 6.33 ரூபாய்
- மிச்சம்: 1.93 ரூபாய்

கூடுதலாகக் கொடுத்த 1 லட்சம் திரும்பி வர சுமார் 52,000 கிலோமீட்டர் ஓடணும்.

வருஷத்துக்கு 300 நாள், தினமும் 120 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு அது ஒன்றரை வருஷத்துக்குள் முடிந்துவிடும். தினமும் 40 கிலோமீட்டர் மட்டும் என்றால் நாலு வருஷத்துக்கு மேல் ஆகும். கடன் வட்டியையும் பராமரிப்புச் செலவையும் சேர்த்தால் இன்னும் தள்ளிப் போகும். உங்கள் ஊர் விலையையும், அதே மாடல் ஓட்டுபவர் சொல்லும் மைலேஜையும் போட்டு இதே கணக்கைச் செய்து பாருங்கள்.

ஊருக்குள் மட்டும் சுற்றினால்?

பல பிஎஸ்-6 டீசல் வண்டிகளில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை எரித்துத் தீர்க்க, புகைபோக்கி நன்றாகச் சூடாகி கொஞ்ச நேரம் ஓடணும். கடைக்குக் கடை நின்று நின்று போகும் வண்டியில் அதற்கு வாய்ப்பு குறைவு. வடிகட்டி அடைத்துக்கொண்டால் ஒர்க்‌ஷாப் பில் எகிறும்.

விற்கும்போது?

தேசியத் தலைநகர்ப் பகுதியில் 10 வருஷம் கடந்த டீசல் வண்டிக்கும் 15 வருஷம் கடந்த பெட்ரோல் வண்டிக்கும் தடை என்ற உத்தரவை 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதை எப்படி அமல்படுத்துவது என்ற வழக்கு 2025-லும் ஓயவில்லை. தமிழ்நாட்டில் அந்த விதி இல்லை. ஆனாலும் டீசல் மீதுதான் கெடுபிடி முதலில் வருகிறது என்பதைக் கவனிக்கணும். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-லேயே வகைப்படுத்திவிட்டது.

அப்போ என்ன பதில் சொல்வது?

சித்தப்பாவிடம் மூன்று கேள்வி கேளுங்கள். தினமும் எத்தனை கிலோமீட்டர்? எவ்வளவு எடை? எந்த ரோடு?

ஒரு டன்னுக்கு மேல் பாரம், நூறு கிலோமீட்டருக்கு மேல் நெடுஞ்சாலை ஓட்டம் என்றால் டீசல் இன்றும் நியாயமான தேர்வு. தண்ணீர் கேன், மளிகை, பார்சல் என்று ஊருக்குள்ளேயே சுற்றும் வேலைக்கு பெட்ரோல் போதும். பக்கத்தில் சிஎன்ஜி பங்க் இருந்தால் அதையும் பார்க்கலாம். சிலிண்டரின் எடையும் பங்க் வரிசையில் போகும் நேரமும் மட்டும் நினைவில் இருக்கட்டும். தினமும் ஒரே ரூட், ராத்திரி சார்ஜ் போட இடம் என்றால் மின்சார வண்டியையும் கணக்கில் சேர்க்கலாம்.

இன்னும் சவாரியே பேசி முடிக்கவில்லை என்றால், முதலில் அதைப் பேசி முடிக்கச் சொல்லுங்கள். ஜாமீன் கையெழுத்தை அப்புறம் பார்த்துக்கலாம்.