நீலகிரிக் கொலைகளும் குற்றவியல் கோட்பாடுகளும்

குன்னூரிலிருந்து பர்லியாறு வழியாக மேட்டுப்பாளையம் இறங்கும் சாலையில் செல்வோர் பலரும் அறியாத சிற்றூர்கள் அம்மலைச் சரிவுகளில் உள்ளன. அங்கு வாழ்வோர் ஆலுக் குறும்பர். அம்மக்களின் வரலாற்றில், குற்றவியல் பயில்வோர் ஊன்றி நோக்கவேண்டிய அத்தியாயம் ஒன்றுண்டு.

1908-இல் டபிள்யூ. ஃபிரான்சிஸ் தொகுத்த நீலகிரி மாவட்டக் கெசட்டியர் தரும் செய்தி இது: 1835-இல் குறும்பர் 48 பேர் கொலையுண்டனர், 1875-76-இலும் 1882-இலும் அதனினும் மிகுதியானோர் மாண்டனர். 1900-இல், அதாவது மலைரயில் குன்னூரை எட்டிய மறு ஆண்டில், ஒரு குறும்பர் குடும்பமே அழிக்கப்பட்டது. குடும்பத் தலைவர் மருத்துவம் அறிந்தவர் எனப் பெயர் பெற்றவர். படுகர் ஊர் ஒன்றுக்கு நோயையும் சாவையும் ஏவினார் என்பதே அவர்மீது எழுந்த ஐயம். வட்டாரம் முழுவதும் கொலையாளிகளுக்கு அனுதாபம் காட்டியதால் துப்புத் துலக்குவது கடினமாயிற்று. குற்றம் சாட்டப்பட்டோர் விடுதலையாயினர்.

இதைப் படித்துவிட்டு, இன்றைய படுகர், தோடர் சமூகங்களைக் குறைசொல்ல எவரேனும் முற்பட்டால், அவர் இக்கட்டுரை சுட்டும் பிழையையே மீண்டும் செய்தவராவார். மேலும், எழுதியவர் ஆட்சியாளரின் அதிகாரி என்பதையும் நாம் மறத்தலாகாது.

வியப்புக்குரியது யாதெனில், படுகர் வயலில் விதைப்புக் காலத்தில் முதல் விதை தூவியவரும் குறும்பரே. அதற்குரிய தானியத்தையும் அவர் பெற்றார். விளைச்சலைத் தரும் ஆற்றல் உள்ளவர் எனில், அழிக்கும் ஆற்றலும் அவரிடம் இருக்கவேண்டும் என்ற அச்சம் அதே நம்பிக்கையின் மறுபக்கம். பிரெஞ்சு அறிஞர் எமில் துர்க்கைம் 1893-இல், சமூகத்தின் கூட்டு மனச்சான்றைப் புண்படுத்தும் செயலே குற்றம் என்றார். அவ்வாறு நோக்கின், அம்மலையில் குற்றவாளியாகக் கருதப்பட்டவர் கொலையுண்டவரே! கொன்றவர்களோ தண்டனையை நிறைவேற்றியவர்கள். சாட்சி சொல்ல எவரும் வராததில் வியப்பென்ன?

அக்காலத்து ஆட்சியாளர் கையிலிருந்த குற்றவியல் இதைக் காணும் கண் பெற்றிருக்கவில்லை. இத்தாலியரான லொம்பிரோசோ 1876-இல் வெளியிட்ட நூலில், குற்றவாளியை மண்டையோட்டிலும் தாடையிலும் தேடினார். சென்னை அருங்காட்சியகத் தலைவர் எட்கர் தர்ஸ்டன், அளவுகோலுடன் நீலகிரி ஏறித் தோடர், கோத்தர் உடல்களை அளந்தார். காவல்துறையினருக்கும் உடலளவை முறையைக் கற்பித்தார். தலையின் நீளமும் மூக்கின் அகலமும் ஏடுகளில் நிறைந்தன. ஒரு மலையே காத்த மௌனத்தை அளக்க அவரிடம் கருவி இல்லை.

உடலளவையை வீழ்த்திய கைரேகை முறையில் நம்மவர் ஒருவரின் பங்குண்டு. 1897-இல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு அமைந்தபோது, அதன் வகைப்பாட்டுக் கணக்கை வகுத்தவர் காஜி அஜீஸுல் ஹக்; உடனுழைத்தவர் ஹேம் சந்திர போஸ். பெயரென்னவோ மேலதிகாரி எட்வர்ட் ஹென்றிக்கே போயிற்று. 'இவர் இன்னார்' என அறிவதற்கு உதவிய அக்கருவியே, 'இவர் பிறவிக் குற்றவாளி' எனப் பதிவதற்கும் பயன்பட்டது. 1871-இன் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில், கைரேகை தர மறுத்த பிரமலைக் கள்ளர்மீது 1920 ஏப்ரல் 3-இல் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் 16 பேர் மடிந்தனர். குறும்பரைச் சூனியக்காரராக்கிய அண்டை ஊராரும், கள்ளரைத் திருடராக்கிய அரசும் பயன்படுத்திய தர்க்கம் ஒன்றே: பிறப்பே சான்று.

ஊரே வாய்மூடி நிற்குமானால் நீதி என்ன செய்யும்? நம் ஃபிக்ஹு நூல்களில் 'கஸாமா' எனும் தலைப்பு இவ்வினாவையே ஆராய்கிறது. ஒரு மஹல்லாவில் கொலையுண்டவரின் உடல் காணப்பட்டுக் கொலையாளி தெரியாதபோது, ஹனஃபி மத்ஹபின்படி, வாரிசுகள் தேர்ந்தெடுக்கும் 50 பேர் தாம் கொல்லவில்லை, கொன்றவரையும் அறியோம் எனச் சத்தியம் செய்யவேண்டும். அதன் பின்னரும் தியத் எனும் இழப்பீடு அவ்வட்டாரத்தார்மீது விதிக்கப்படும். ஏனைய மத்ஹபுகளில் முதலில் வாதி தரப்பாரே சத்தியம் செய்வர் என்பது தனி விவாதம். ஊர் பொறுப்பேற்கிறது, ஆனால் சான்றின்றி எவரும் குற்றவாளி ஆக்கப்படுவதில்லை. குற்றப் பரம்பரைச் சட்டமோ, குற்றம் நிகழுமுன்பே சமூகம் முழுவதையும் கட்டிப்போட்டது. 1900-இன் நீதிமன்றமோ, தனியாள் குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்றதும் கோப்பை மூடியது.

அமெரிக்க அறிஞர் ஹோவர்ட் பெக்கர் 1963-இல், முத்திரை குத்துவதே 'பிறழ்ந்தவரை' உருவாக்குகிறது என எழுதினார். அக்கருத்துக்கு நெருக்கமான ஒரு சட்டம் 1999-இல் பீகாரில் பிறந்தது. அச்சட்டத்தில், ஒருவரைச் சூனியக்காரி என அடையாளம் காட்டுவதே குற்றம்; தண்டனை மூன்று மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.