வம்சத்தை மறைக்கலாமா?

ஸைத் இப்னு ஹாரிஸா (ரலி) அவர்கள் சிறுவராயிருந்தபோது கவர்ந்து செல்லப்பட்டு அடிமையாக விற்கப்பட்டவர். நபி (ஸல்) அவர்கள் அவரை விடுதலை செய்து மகனாக வளர்த்தார்கள். மக்களும் ‘ஸைத் இப்னு முஹம்மத்’ என்றே அழைத்தனர். வளர்ப்புப் பிள்ளைகளை அவர்தம் தந்தையர் பெயராலேயே அழைக்கப் பணிக்கும் வசனம் (33:5) அருளப்பட்டதும், அவர் மீண்டும் ‘இப்னு ஹாரிஸா’ ஆனார். பாசம் குறையவில்லை, வம்சமும் மறையவில்லை.

இதே வினா பிரிட்டனில் சட்டமாயிற்று. ஸ்காட்லாந்தின் 1930ஆம் ஆண்டுச் சட்டம், தத்துப் பிள்ளைகள் 17 வயதில் தம் மூலப் பிறப்புப் பதிவைக் காண வழிவிட்டது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அது நீதிமன்ற ஆணையின்றிக் கிடைக்கவில்லை. 1975ஆம் ஆண்டுச் சட்டமே 18 வயது நிரம்பியோர்க்கு அவ்வுரிமையை வழங்கியது. இரகசியம் காக்கப்படும் என நம்பிப் பிள்ளையை ஒப்படைத்த தாய்மாரின் சம்மதம் கோரப்படவில்லை. எனினும் அவர்களையும் எண்ணி, அச்சட்டத்திற்கு முன் தத்துக் கொடுக்கப்பட்டோர் ஆலோசகரைச் சந்தித்த பின்னரே பதிவைப் பெறலாம் என விதித்தனர்.

அறிவது பிள்ளையின் உரிமை. உறவைப் புதுப்பிப்பதோ இருவரின் விருப்பம். நம் குடும்பங்களிலும் உறவினர் பிள்ளையை வளர்ப்போர் சிலர், பள்ளிப் பதிவேட்டில் தம் பெயரையே தந்தை பெயராக எழுதிவிடுவதைக் காண்கிறோம். அன்பினால் செய்வதாயினும் அது உண்மையை மறைப்பதே. வளர்ப்பது நன்மை, வம்சம் அமானிதம். தந்தை அறியப்படாதோரை மார்க்கச் சகோதரர்களாக ஏற்குமாறும் அதே வசனம் பணிக்கிறது. உண்மையைப் பிள்ளையிடம் உரிய பருவத்தில், கனிவோடு நாமே சொல்வோம்.

அல்லாஹ் நன்கறிந்தவன்.