திருந்தா மொழி என்னும் வகைப்பாடும் தோடர் பாட்டும்

கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தின் 1875ஆம் ஆண்டுப் பதிப்பில் திராவிட மொழிகள் பன்னிரண்டை இரு கூறாக்கினார். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், துளு, குடகு ஆகியன திருந்திய மொழிகள். தோடா, கோத்தா, கோண்டி, கூ, ஒராவோன், ராஜ்மகால் ஆகியன திருந்தா மொழிகள். பின்வந்த ஆய்வு அவருடைய முடிவுகள் பலவற்றைத் திருத்திவிட்டது. இந்தப் பிரிவு மட்டும் மொழி வரலாற்று நூல்களில் இன்றும் உயிரோடிருக்கிறது. மாணவர்கள் அதை மனப்பாடம் செய்து தேர்வெழுதுகிறார்கள். நீலகிரித் தோடரின் மொழியைப் பொறுத்தவரை இப்பிரிவு நிற்காது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பிரிவுக்கு அடிப்படை எழுத்திலக்கியம் என்று பொதுவாகச் சொல்கிறோம். அந்த அளவுகோலைக் கால்டுவெல்லே முழுதாகக் கைக்கொள்ளவில்லை. துளுவுக்கு இலக்கியம் என்று சொல்லத்தக்கது இல்லை என்று ஒப்புக்கொண்டே, வளர்ச்சியில் சிறந்த மொழி என அதைத் திருந்திய வரிசையில் வைத்தார். துளுவுக்குத் திறந்த கதவு தோடாவுக்குத் திறக்கவில்லை. அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று அன்று எவரும் முறையாகக் கேட்டுப் பதிவு செய்திருக்கவில்லை.

அப்படிக் கேட்டவர் மொழியியலாளர் எமனோ. 1935இல் நீலகிரிக்கு வந்து மூன்று ஆண்டுகள் தென்னிந்தியாவில் களப்பணி செய்த அவர், திரட்டிய பாடல்களை 1971இல் ‘தோடா சாங்ஸ்’ என்ற பெருநூலாக வெளியிட்டார். இலக்கணமும் உரைநடைப் பகுதிகளும் 1984இல் வந்தன. இவ்விரு நூல்களையும் தமிழ் யாப்பறிந்தவர் படித்தால் முதலில் வியப்பார். பிறகு, நம் பக்கத்து மலையில் இருந்ததை இத்தனை காலம் அறியாதிருந்தோமே என வருந்துவார்.

தோடர் பாட்டின் அடிப்படை அலகு மூன்றசை கொண்டது. (அசை என்பது இங்கே மொழியியலார் சொல்லும் அசை, நேர், நிரை அன்று.) ஓர் அலகோ சில அலகுகளோ சேர்ந்து ஒரு தொடராகும். எந்தத் தொடரும் தனித்து நிற்பதில்லை. அலகுகளின் எண்ணிக்கையிலும் இலக்கண அமைப்பிலும் அதனோடு ஒத்த இணைத்தொடர் ஒன்று உடன் வர வேண்டும். நம் செய்யுளில் எதுகையும் மோனையும் செய்யும் பிணைப்பை அங்கே தொடரமைப்பின் ஒப்புமை செய்கிறது. இன்ன தொடருக்கு இன்னது இணை என்பதையும் பாடுபவர் தம் விருப்பப்படி முடிவு செய்ய முடியாது. மரபு அதை முன்பே வகுத்துவைத்திருக்கிறது. ஊருக்கும் குலத்துக்கும் எருமைக்குங்கூடப் பாட்டில் இணைப்பெயர் உண்டு. இறப்பு, திருமணம், காதல், எருமை என வாழ்வின் ஒவ்வொரு பொருளுக்கும் இத்தகைய இணைகள் திரண்டிருக்கின்றன. பாட்டைப் புரிந்துகொள்ள மொழி தெரிந்தால் போதாது. அந்த இணைகளின் உலகமும் தெரிந்திருக்க வேண்டும்.

வகுத்துவைத்த தொடர்களைக் கோத்துப் பாடுவது புலமை ஆகுமா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் தோடர் பாட்டு ஒப்பித்தல் அன்று. நிகழ்ச்சி நடக்கும் இடத்திலேயே, அந்த நிகழ்ச்சியைப் பற்றி, புதிதாகக் கட்டிப் பாடுகிறார்கள். கட்டுப்பாடு எவ்வளவு இறுக்கமோ, அதற்குள் உடனடியாகப் பொருந்தும் இணையைத் தேர்ந்தெடுக்கும் திறமும் அவ்வளவு கூர்மையாக இருந்தாக வேண்டும். அந்தாதியும் வெண்பாவும் பாடிய மரபில் வந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. தொல்காப்பியச் செய்யுளியல் பிசியையும் (விடுகதை) முதுசொல்லையும் (பழமொழி) யாப்பின் எல்லைக்குள் சேர்த்தது. ஏட்டில் எழுதியிருக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கவில்லை. நம் இலக்கணத்தின் அளவுகோலாலேயே பார்த்தாலும் தோடா செய்யுள் உடைய மொழி.

ஒலியியலாரும் இம்மொழியைத் தேடி வந்திருக்கிறார்கள். ரகரமும் றகரமும் இன்றைய தமிழ்ப் பேச்சில் பெரும்பாலும் ஒன்றிவிட்டன. தோடாவிலோ நாவின் இடத்தால் வேறுபடும் ஆடொலிகள் மூன்று. அவை அண்ணச்சாயல் பெற்றும் பெறாமலும் பொருள் வேறுபடுத்துகின்றன. ஸ்பாயிச், லேடஃபோகட், பாஸ்கரராவ் ஆகியோர் 1996இல் இவற்றைப் பற்றி எழுதிய கட்டுரை ஒலியியலில் நன்கறியப்பட்டது. ஆயினும் ‘அரிய ஒலிகளின் மொழி’ என்ற அளவில் நின்றுவிடுவது தோடாவை மீண்டும் ஒரு காட்சிப்பொருள் ஆக்கிவிடும். அந்த ஒலிகள் எதைச் சொல்லப் பயன்பட்டன என்பதே முதன்மையான கேள்வி.

அதற்கு விடை தேட, எருமைப் பால் கடையும் கோயிலுக்குள் செல்ல வேண்டும். மானிடவியலாளர் ரிவர்ஸ் 1906இல் வெளியிட்ட ‘தி தோடாஸ்’ நூலில் அங்கு நடக்கும் வழிபாட்டை விரிவாக எழுதியிருக்கிறார். பூசகர் முதலில் புனிதப் பெயர்களை வரிசையாகச் சொல்வார். எருமை, மந்து (தோடர் குடியிருப்பு), பாத்திரம் என ஒவ்வொன்றுக்கும் வழக்குப் பெயரன்றித் தனிப்பெயர் உண்டு. ஒவ்வொரு பெயரை அடுத்தும் ‘இதன் பொருட்டு’ என்னும் கருத்துடைய ஒரு சொல் வரும். வேண்டுதல் பகுதி பெரும்பாலும் எல்லாக் கோயிலுக்கும் பொது. பெயர்வரிசை மட்டும் கோயிலுக்குக் கோயில் வேறு. இத்தனையும் பிறர் சொல் பிரித்தறியாதபடி தொண்டைக்குள்ளேயே ஒலிக்கும். ஆகவே ஒரு மந்தின் கோயில் இயங்காமற் போனால், தோடா பேசுவோர் எண்ணிக்கை ஒன்றுகூடக் குறையாவிட்டாலும், மொழியின் ஒரு பகுதி ஒலிக்க இடமின்றிப் போகிறது. ரிவர்ஸ் கண்ட உயர்நிலைக் கோயில்கள் பல இன்று வழக்கிழந்துவிட்டன.

இதனால்தான் தலைக்கணக்கை மட்டும் நம்பக்கூடாது என்கிறேன். அந்தக் கணக்கும் நம் கையில் முழுதாக இல்லை. 1971 முதல் இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பத்தாயிரத்துக்கும் குறைவானோர் பேசும் மொழிகளைத் தனித்து வெளியிடுவதில்லை. தோடர் தொகையோ ஏறத்தாழ இரண்டாயிரம். தோடா கடும் அழிவுநிலையில் உள்ளதென யுனெஸ்கோ பட்டியலிட்டிருக்கிறது. அதை நெருக்கும் மொழிகளில் தமிழும் ஒன்று. தோடர் பிள்ளைகள் பள்ளியில் படிப்பது தமிழிலும் ஆங்கிலத்திலும். ஆதிக்க மொழியின் அழுத்தத்தை நன்கு உணர்ந்த நாம் இதைச் சொல்லத் தயங்கக்கூடாது.

தோடர் பூத்தையலுக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விற்கக்கூடிய கலைக்குக் காப்பு கிடைத்தது நல்லதே. பாட்டுக்கு அப்படியொரு வழி இல்லை. எமனோவின் தொகுப்பு ஒலிக்குறியீட்டிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. அதைத் தோடர்களே திருத்தி, விளக்கி, பாடிக்காட்டும் பதிப்பாகக் கொண்டுவருவது தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களால் முடியாத காரியமன்று. அப்பாடல்களில் பெயர் சொல்லப்படும் புல்வெளிகள் பலவற்றில் இன்று சீகை மரமும் யூகலிப்டஸும் நிற்கின்றன. எந்த இணைப்பெயர் எந்த இடத்தைக் குறிக்கிறது என்பதை மூத்த பாடகர்களோடு நடந்து சென்று, அந்தந்த இடத்திலேயே கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். பதிப்புப் பணி அங்கிருந்து தொடங்கட்டும்.